படம் எடுப்பதற்கு முன்னால் தேய்த்துக் கழுவாதீர்கள்

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு அக்கா துணிப்பையில் இரண்டு பொருள்களோடு வந்தார். ஒன்று பித்தளைச் செம்பு, இன்னொன்று பழைய செய்தித்தாளில் சுற்றிய, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. இரண்டும் அவருடைய அம்மா வைத்திருந்தவை. தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது மிஞ்சியது இவ்வளவுதான், கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், ஒரு கத்தியை நாலு பேர் பங்கு போட முடியாது, படமாவது எல்லாரிடமும் இருக்கட்டும் என்றார். செம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். கத்தியைக் கேட்டதும், "அது துரு புடிச்சுப் போச்சு தம்பி, எனக்கு நேரம் இல்ல, நீங்களே உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் தேச்சிட்டு எடுத்துடுங்க" என்றார்.

நான் தேய்க்கவில்லை. இரண்டையும் இருந்தபடியே எடுத்து மறுநாள் அனுப்பினேன். அவர்களுடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செம்புக்கு நாலைந்து கட்டைவிரல் விழுந்ததாம். கத்திப் படம் போன கொஞ்ச நேரத்தில் ஜொகூரில் இருக்கும் தம்பி அழைத்துவிட்டார், அம்மா விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம்.

பதினெட்டு வருடமாகப் பினாங்கில் பொருள்களைப் படம் எடுப்பதுதான் என் வேலை. முறுக்கு டப்பா, நகை, சேலை, ஊதுபத்தி, எல்லாம். இப்போதெல்லாம் இந்த மாதிரி வீட்டுப் பொருள்களும் நிறைய வருகின்றன, வயதானவர்கள் போய்விட்ட பிறகு வீட்டை ஒழிக்கிறவர்கள் கொண்டுவருவது. அவர்களில் பாதிப் பேர் என்னிடம் வருவதற்கு முன்பே பொருளைப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஒருமுறை தேய்த்துவிட்டால் போனது போனதுதான், எந்தக் கேமராவாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்தக் கத்தியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். மரப்பிடி, ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது, கட்டைவிரல் போய் உட்காரும் அளவுக்கு. பிடியின் அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, வழுக்காமல் இருப்பதற்காக இருக்கும். அந்தப் பட்டையின் ஓரத்தில் ரப்பர் பால் காய்ந்து கறுத்து ஒரு கோடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாளை எடுத்திருந்தால் முதலில் போயிருப்பது அந்தக் கோடுதான். படத்தைப் பார்க்கிறவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அவருடைய கட்டைவிரலும் லேசாக மடங்குகிறது, நான் பல பேரிடம் காட்டிப் பார்த்துவிட்டேன், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. சாதாரணப் பொருளின் படம் ஒருவரை நிறுத்திப் பார்க்க வைக்கிறது என்றால், என் கணக்கில் காரணம் இதுதான்: அதற்குள் ஒரு உடம்பு இருக்கிறது, யாரோ பிடித்த, கடித்த, வைத்துவிட்டுப் போன தடம் இருக்கிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. புகைப்படக் கலை பிறந்து சில வருடங்களிலேயே, 1844இல், இங்கிலாந்தில் டால்பாட் என்பவர் திறந்த கதவில் சாய்த்து வைத்த ஒரு துடைப்பத்தைப் படம் எடுத்தார். படத்தில் ஆளே கிடையாது. ஆனால் பெருக்கிக்கொண்டிருந்தவர் இப்போதுதான் உள்ளே போனார் என்று தோன்றும். 1972இல் அமெரிக்காவில் இர்விங் பென் என்பவர் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து எடுத்தார், நசுக்கிய விதம் ஒவ்வொன்றிலும் வேறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் தெரிவார். சரி, யாருமே பயன்படுத்தாத பொருள் என்றால்? எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய் இருக்கிறதே, அதில் யார் கையும் பட்ட தடம் இல்லை. ஒரு தகரப் புனலுக்குள் வைத்து, நிமிடக் கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த படம், அதற்கு முன்பே எத்தனையோ மிளகாய்களை எடுத்துப் பார்த்திருந்தார். முதல் பார்வைக்கு அது மிளகாய் மாதிரியே இருக்காது, குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் முதுகு மாதிரி இருக்கும். அங்கேயும் நம் கண் உடம்பைத்தான் தேடிப் பிடிக்கிறது.

இதைப் படத்தில் கொண்டுவருவது வெளிச்சத்தின் கையில் இருக்கிறது. படத்தைத் தொட முடியாது, அதனால் சொரசொரப்பு, வழவழப்பு, பள்ளம், மேடு எல்லாவற்றையும் நிழல்தான் சொல்லியாக வேண்டும். கைப்பேசியின் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் நிழல் பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், கட்டைவிரல் பள்ளம் காணாமல் போய்விடும். அறையின் உச்சி விளக்கும் இதற்குத் தோதுப்படாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் தாழ்வாக, பொருளின் மேல் தடவிக்கொண்டு போவது போல வர வேண்டும்.

இதற்கு ஸ்டுடியோ எதுவும் தேவையில்லை, பினாங்குக்காரர்களுக்குச் சுத்தமாகத் தேவையில்லை. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் காக்கி லீமா என்ற நடைபாதையைப் போன்ற இடம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், தெருப் பக்கம் மட்டும் திறப்பு. அதாவது வெளிச்சம் ஒரே திசையிலிருந்து, வெயில் நேரடியாகப் படாமல், மெதுவாக வரும். மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் காலை எட்டு, எட்டரைக்குக் கடைகள் திறப்பதற்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுப் பொருளை வைத்துப் பாருங்கள், அப்புறம் வீட்டுக்குள் விளக்குப் போட்டு எடுக்க மனசே வராது. நடு முற்றம் உள்ள கடைவீடு என்றால் இன்னும் நல்லது, முற்றத்தின் ஓரத்தில் தூணுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் போதும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு ஜன்னல், மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு. மஞ்சள் பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் பித்தளை ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் ஆரஞ்சாகவும் வரும்.

நேரம் முக்கியம். நம்மூரில் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணி வாக்கில்தான். அதனால் பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது, வெயில் இறங்கிவிடும் என்று நினைத்து இரண்டு மணிக்கு வெளியே வைத்து எடுத்தால் உச்சி வெயிலில் எடுத்த மாதிரிதான் இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எடுங்கள்.

கைப்பேசியில் இரண்டு விஷயம். அதன் சாதாரண லென்ஸ் அகலமானது, பக்கத்தில் கொண்டுபோனால் முன்பக்கம் வீங்கிப் பின்பக்கம் சுருங்கும். இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு நீங்கள் பின்னால் நகருங்கள். இரண்டாவது, இருட்டான பொருளைக் காட்டினால் கேமரா அதைச் சாம்பல் நிறத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், இரும்புச் சட்டி வெளுத்துப் போகும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிடுங்கள், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

அப்புறம் இந்த 'அழகாக்கும்' வசதி. இதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் ஏஐ கீறலை எடுத்துவிடுகிறது, கறையை எடுத்துவிடுகிறது, மர ரேகையைத் தானாகவே புதிதாக வரைந்தும் வைக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உங்கள் அம்மாவின் கத்தி இல்லை. தயவுசெய்து அசல் படத்தை அழிக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்பார்கள், பூ வைக்கலாமா, பக்கத்தில் குத்துவிளக்கு வைக்கலாமா என்று. வேண்டாம். பொருள் எங்கே வாழ்ந்ததோ அந்தத் தரை போதும், சிமெண்டுத் தரை, சாக்கு, பலகை. தீபாவளிக்கு முறுக்கு விற்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், தட்டில் கோபுரமாக அடுக்காமல் ஒன்றை உடைத்துத் துகளோடு வையுங்கள்.

அந்தச் செம்புக்குத் திரும்பவும் வருகிறேன், அது என் மனசில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. பளபளக்கும் பித்தளை கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், என் முதல் படத்தில் ஜன்னலும் என் சட்டையும்தான் தெரிந்தன. இரண்டாவது தடவை ஒரு பக்கம் வெள்ளை அட்டை, மறுபக்கம் கறுப்புத் துணி வைத்துச் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனேன். அட்டையின் வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்கும் கோட்டுக்கு வந்ததும் கழுத்துக்குக் கீழே ஒரு நசுங்கல் தெரிந்தது, வெறும் கண்ணுக்கு அதுவரை பிடிபடவே இல்லை. அதை எடுத்து அனுப்பினேன். அக்கா உடனே அழைத்தார், "ஐயோ, இது நான் கெணத்தடியில போட்டது தம்பி, அம்மா அன்னைக்கு முழுக்க எங்கிட்ட பேசல" என்றார்.

பிரிண்ட் வாங்க வந்தபோது ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதி வைக்கச் சொன்னேன், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், அம்மா பால் வெட்டியது எத்தனையாவது மர நிரை என்று. பெயரும் தோட்டமும் எழுதினார். நிரை எண் ஞாபகம் இல்லை, தம்பிதான் காலையில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவான், அவனைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போனார்.