ஏலகிரியில் இறங்கும்போது காது அடைக்கிறதா? டைவ் ரிசார்ட் புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

வேலூரில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்ப்பவனுக்கும் பவளப்பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. ஆனாலும் சில வருடங்களாகக் கோடை விடுமுறை முடிகிற நேரத்தில், அந்தமானிலிருந்தோ மாலத்தீவிலிருந்தோ திரும்பிய யாராவது ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படி வந்தவர்களில் ஒருவரை மறக்க முடியவில்லை. புதிதாகத் திருமணமான இளைஞர். மனைவியோடு தீவுக்குப் போய், முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவ் செய்திருக்கிறார். "ரெண்டு நாளா சளி இருந்துச்சு சார். சொன்னேன். மூக்குல சொட்டு மருந்து விட்டுக்குங்க, சரியாயிடும்னாங்க. நாலஞ்சு மீட்டர்லயே வலி தாங்கல. கையைக் காட்டினேன். பயப்படறேன்னு நெனச்சுக் கீழ கூட்டிட்டுப் போயிட்டாங்க. டப்புனு ஒரு சத்தம். வலி நின்னுடுச்சு, ஆனா தலை கிறுகிறுன்னு சுத்துது, மேல எது கீழ எதுன்னே தெரியல." செவிப்பறை கிழிந்து, குளிர்ந்த கடல்நீர் நடுக்காதுக்குள் போனால் நடப்பது அதுதான். தண்ணீருக்கடியில் திசை தெரியாமல் போவது உயிருக்கே ஆபத்து. அவர் பிழைத்து வந்தது பெரிய விஷயம்.

அந்த ரிசார்ட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். நீச்சல் குளத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியுமாம். பேக்கேஜில் டைவ் இலவசமாம்.

இலவசம் என்பதால் டைவ் ஒரு நேர அட்டவணைக்குள் அடைபட்டுவிடுகிறது. அன்றைக்கு, அந்த மணிக்கு இறங்கியே ஆக வேண்டும். நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "உங்களுக்குச் சளி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்கிற இடத்தைத் தேடுங்கள். அறை, சாப்பாடு, கடற்கரை எல்லாம் அதற்கப்புறம்.

காதின் கணக்கை ஏலகிரியை வைத்தே சொல்கிறேன். மலையிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொன்னேரி வரும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்துகொள்கிறது அல்லவா? அந்த இறக்கம் முழுவதிலும் ஏற்படும் அழுத்த மாற்றம், கடலில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கினால் வருவதைவிடக் குறைவு. தண்ணீர் அவ்வளவு கனம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மாற்றத்தைக் காது அதிகமாக உணர்வது முதல் சில மீட்டர்களில்தான். ஆழமாகப் போனால்தானே ஆபத்து என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் மெல்லிய குழாய் வழியாகக் காற்றை அனுப்பி இந்த அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. தண்ணீருக்குள் தலை போனதிலிருந்து ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்தால் நல்லது. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் சமன் செய்யாமல் இறங்கிவிட்டால் குழாயின் வாய் அழுந்தி மூடிக்கொள்ளக்கூடும். அப்புறம் முக்கி ஊதினால் திறக்காது, உள்காதுதான் சேதமாகும். செய்ய வேண்டியது ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல்வது. திறக்காவிட்டால் அன்றைய டைவ் முடிந்தது.

சளி இருந்தால் இந்தக் குழாய் வீங்கியிருக்கும். சொட்டு மருந்து தற்காலிகமாகத் திறந்துவிடும், ஆனால் கடலுக்கடியில் இருக்கும்போதே அதன் வேகம் குறைந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சொட்டு விட்டுக்கொண்டு இறங்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொரு விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறேன். காட்பாடி, கே.வி.குப்பம் பக்கம் விவசாயக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்கள் நிறையப் பேர். மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து காட்டுவார்கள். தண்ணீரைக் கண்டு பயம் கிடையாது, அது நல்லதுதான். ஆனால் கிணற்றில் கற்ற முதல் பாடம் தம் கட்டுவது. ஸ்கூபாவில் தம் கட்டவே கூடாது. கிணற்றில் மேலே இழுத்த காற்றோடு போகிறோம், அதே காற்றோடு திரும்புகிறோம். ஸ்கூபாவிலோ ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கிறோம். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். பதற்றத்தில் பழைய பழக்கம்தான் முன்னால் வரும். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்று சொன்னதும் ரிசார்ட்டில் பயிற்சியைச் சுருக்கினால், அங்கே இறங்காதீர்கள். முழங்காலளவு தண்ணீரில் உட்காரவைத்து, மூச்சுவிடவும், வாயிலிருந்து கழன்ற குழாயை மறுபடி வைத்துக்கொள்ளவும், முகக்கவசத்தில் புகுந்த தண்ணீரை வெளியேற்றவும் பழக்கிய பிறகே ஆழத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். முதல்முறை இறங்குகிறவர் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர், அதற்குக் குறைந்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி பவளப்பாறை. நானும் நாற்பது வயதுக்கு மேல் ஹேவ்லாக்கில், இப்போதைய சுவராஜ் தீவில், டைவ் கற்றவன். நல்ல பாறை எது என்று கேட்பவர்களிடம் முதலில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறக்கச் சொல்வேன். மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தனித்தீவு. தீவைச் சுற்றி வெளிர்பச்சை அகலமாகப் பரந்திருந்தால் அது ஆழமில்லாத மணல் களப்பு. புகைப்படத்தில் சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனால் பாறையைப் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். கருநீலம் கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கினால், நீந்தியே பாறை விளிம்புக்குப் போகலாம். டைவ் செய்யாத குடும்பத்தினரும் ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாயை வாயில் வைத்து, மேலேயே மிதந்தபடி மீன் பார்க்கலாம். கடலை மணலால் நிரப்பி உண்டாக்கிய தீவுகளும் உண்டு. மணல் அள்ளும்போது எழும் சேறு படிந்தால் பவளம் மூச்சுத்திணறிச் சாகும், ஆகவே அங்கே கரையோரம் உயிருள்ள பாறையை எதிர்பார்க்க வேண்டாம்.

இணையத்தில் பார்க்கும் படம் எந்த வருடத்தியது என்று கட்டாயம் கேளுங்கள். கடல் சூடேறினால் பவளம் தனக்கு உணவூட்டும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும், சூடு நீடித்தால் இறந்துவிடும். 1998-இல் லட்சத்தீவும் மாலத்தீவும் பெரும் இழப்பைச் சந்தித்தன. 2010-இல் அந்தமான் கடுமையாக அடிபட்டது. 2016-இல் மறுபடியும். 2024-இல் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தில் இருக்கும் பவளத்தோட்டம் இன்று வெறும் கற்குவியலாக இருக்கலாம். ஹேவ்லாக்கில் கரையோர நீமோ ரீஃப் முதல்முறைக்காரர்களுக்கு ஏற்றது, டிக்சன்ஸ் பின்னக்கிள் போன்ற ஆழமான இடங்கள் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே. 'பாடி' என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் விதிப்படி சான்றிதழ் இல்லாதவர் முதல்முறை செய்து பார்க்கும் டைவுக்கு உச்ச ஆழம் 12 மீட்டர், ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைப் பயிற்சியை முடித்தவருக்கு 18 மீட்டர். முதல் நாளிலேயே ஆழமான இடத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். பவளத்தைத் தொடவோ, அதன்மேல் நின்று படம் எடுக்கவோ விடுகிற இடமும் வேண்டாம். பாறையை மதிக்காதவர்கள் உங்கள் காதையும் மதிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அந்தமானுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். பள்ளித் தேர்வு முடிந்த கையோடு கிளம்புங்கள்.

பயண நாட்களை எண்ணும்போது டைவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்தில் கரைந்து நிற்கும். காலையில் டைவ் செய்து மதியம் சென்னை விமானம் ஏறினால், குறைந்த அழுத்தத்தில் அது குமிழியாகப் பிரிந்து மூட்டையும் நரம்பையும் பாதிக்கக்கூடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. நான் ஒரு முழு நாளையே விடச் சொல்கிறேன். படகில் அவசரத்துக்கு உண்மையான ஆக்சிஜன் இருக்கிறதா, இந்தக் குமிழிக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அருகில் எங்கே என்று போனில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் போனை வைத்துவிட்டு அடுத்த ரிசார்ட்டை அழையுங்கள்.

"ஒரு சைன் மட்டும் போடுங்க டாக்டர்" என்று, டைவுக்கு முன் நிரப்ப வேண்டிய மருத்துவப் படிவத்தோடு வருபவர்கள் உண்டு. காதைப் பார்க்காமல் நான் போட மாட்டேன். சிறு வயதிலிருந்து காதில் சீழ் வடிந்தவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காது அறுவை செய்துகொண்டவர்கள், ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உண்மையை எழுதியே ஆக வேண்டும். "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிடுங்க" என்று கவுன்டரில் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு காது அடைத்தோ, வலித்தோ, ரத்தம் கசிந்தோ இருந்தால் எண்ணெய் விடாதீர்கள், மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள், தலைக்குக் குளிக்காதீர்கள். சிறிய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். தலைசுற்றல், இரைச்சல், சட்டென்று கேட்கும் திறன் குறைதல் இருந்தால் அன்றைக்கே வாருங்கள், காத்திருக்கக் கூடாது. கை கால் மரத்துப்போனாலோ மூட்டு வலித்தாலோ எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, "கடல்ல டைவ் பண்ணிட்டு வந்தேன்" என்பது. கடலே இல்லாத ஊரில் அதை எந்த டாக்டரும் தானாகக் கேட்க மாட்டார்.