மண்கரிம வைப்பு: ஒரு சொல்லும் அதன் கணக்கும்

"கார்பன் சீக்வெஸ்ட்ரேஷனுக்குத் தமிழில் என்னண்ணே?" எங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். கரிம வரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் கண்ணில் பட்டதாம். காற்றிலுள்ள கரிமத்தை மண் போன்ற இடங்களில் சேர்த்து வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் அந்த வரி 2019இல் காற்றில் விடும் கரியமில வாயு டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கி, 2024இல் 25 வெள்ளி ஆனது. காற்றிலிருந்து மண்ணுக்குள் எவ்வளவு கரிமம் போயிற்று என்பது இன்று பணக்கணக்கும்தான்.

முதல் பாதி எளிது. இலத்தீனத்தில் 'கார்போ' என்றால் கரி. 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரும் அவருடைய கூட்டாளிகளும் அதிலிருந்து தனிமத்துக்குப் பெயர் வைத்தார்கள். நாமும் கரியிலிருந்தே கரிமம் என்று ஆக்கிக்கொண்டோம். கார்பன், கரி இரண்டும் ஒலியில் நெருங்கி வருவது தற்செயல்தான், உறவு தேட வேண்டாம். ஆனால் 'ஆர்கானிக்' என்பதற்கும் நாம் கரிமம் என்றே எழுதுகிறோம். மண்ணைப் பற்றிப் பேசும்போது இது குழப்பும். சுண்ணாம்பில் இருக்கும் கரிமம் வேறு, மக்கிய வேரிலும் இலையிலும் இருப்பது வேறு. பின்னதை அங்ககக் கரிமம் என்பார்கள்.

அடுத்த பாதிதான் எனக்குப் பிடித்தது. இலத்தீன 'செக்வெஸ்டர்' என்பவர், வழக்கில் உள்ள பொருளைத் தீர்ப்பு வரும்வரை நடுவில் நின்று காப்பவர். பொருள் அவருடையது அல்ல, ஒருநாள் திருப்பித் தர வேண்டியது. ஆகவே 'சிறைப்பிடிப்பு' என்ற மொழிபெயர்ப்பு சரியாகப் படவில்லை. நான் 'வைப்பு' என்பேன். வங்கி வைப்புத்தொகையில் நாம் அன்றாடம் புழங்கும் சொல். வள்ளுவரும் பசித்தவனின் பசியைத் தீர்ப்பதை "பெற்றான் பொருள்வைப் புழி" (226), பொருளை வைத்துக் காக்கும் இடம், என்கிறார். மண்ணில் இட்ட கரிமமும் வைப்புதான். அடிக்கடி உழுது கிளறினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீண்டும் காற்றுக்கே அனுப்பிவிடும்.

வைப்பு என்றால் இருப்பு பார்க்க வேண்டும். வழக்கமாக 30 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, ஆய்வகத்தில் எரித்து, வரும் கரியமில வாயுவை அளப்பார்கள். 1934இலிருந்து வாக்லி-பிளாக் என்ற ரசாயன முறையும் உண்டு, செலவு குறைவு. ஆனால் விழுக்காடு மட்டும் போதாது, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் வேண்டும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. ஆழம் என்றால் 3,000 கனமீட்டர். கனமீட்டருக்கு 1.3 டன் வைத்தால் 3,900 டன் மண். அதில் 1 விழுக்காடு கரிமம் என்றால் 39 டன். கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44, அதில் கரிமம் 12. ஆகவே கரியமில வாயுவாகச் சொன்னால் 44ஐ 12ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும், 143 டன்.

ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் மிகச் சிறியது. ஒரே வயலில் பத்தடி தள்ளித் தோண்டினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரலாம். அதனால் அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே முறையில், சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

"அப்படியென்றால் நம் பாத்தியிலும் வைப்பு இருக்கிறதா?" என்றார் தம்பி. இருக்கிறது. ஆனால் மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டிய எருவை அதில் சேர்த்து எண்ணக்கூடாது. அது வேறொரு நிலத்தின் கணக்கிலிருந்து இங்கே மாற்றியது.