ஆட்டம் தெரிந்தால் பாடம் புரியும்: பேஸ்பாலும் தொடக்கப் பள்ளியும்

1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். அரை இன்னிங்ஸில் நடந்ததைச் சொல்லும் நீண்ட பத்தி அது. மாணவர்களில் நன்றாக வாசிப்பவர்களும் இருந்தார்கள், வாசிக்கத் தடுமாறுபவர்களும் இருந்தார்கள். இரு பிரிவிலும் பாதிப் பேருக்கு ஆட்டம் அத்துப்படி, மீதிப் பேருக்குத் தெரியாது. படித்து முடித்ததும், மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். வாசிப்பில் தடுமாறினாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை எளிதாக முந்தினார்கள். ஆட்டம் தெரிந்தவர்களுக்குள் நல்ல வாசகர், தடுமாறும் வாசகர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவே இல்லை.

ஏன் அப்படி? 'முதல் பேஸில் ஆள் இருந்தபோது பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டது, இரண்டு அவுட்' என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் தெரிந்தவருக்கு அந்த வரி ஒரே காட்சி. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு, அதாவது ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் இரண்டாவதற்கு, எறிகிறார், அங்கிருப்பவர் முதல் பேஸுக்கு எறிகிறார், ஓடி வந்த இருவரும் வெளியேறுகிறார்கள். இதில் எதுவும் வரியில் இல்லை, வாசிப்பவரே நிரப்பிக்கொள்கிறார். தெரியாதவருக்கோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனிச் சுமை. மனித மூளையின் தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் சில செய்திகள்தான் நிற்கும். புதிய சொற்களே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், பொருளை யோசிக்க இடம் மிஞ்சாது.

பேஸ்பாலை வைத்துச் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. எப்போது வேலை செய்யாது என்பதும்தான். ஆட்டம் தெரிந்த பிள்ளைக்குக் கைகொடுக்கும் அதே பாடம், தெரியாத பிள்ளையின் முன்னால் சுவராக நிற்கும். அதனால் முதல் வகுப்பு மைதானத்தில்தான் நடக்க வேண்டும். மென்மையான பந்து, நான்கு பேஸ், மூன்று அவுட் ஆனால் அணி மாற்றம், இவை போதும். எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது அடித்து, ஓடி, அவுட் ஆகியிருக்க வேண்டும். கணக்குத் தாளின் ஓரத்தில் பேட் படம் போட்டு, 'ஒரு பந்தின் விலை இவ்வளவு என்றால் பத்துப் பந்தின் விலை என்ன' என்று கேட்பதை நான் பேஸ்பால் பாடமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்த எண்கள் ஆட்டத்தில் பிறந்தவை அல்ல. பந்துக்குப் பதில் பென்சில் என்று எழுதினாலும் கணக்கு அதேதான்.

ஆட்டத்திலேயே பிறக்கும் எண் பேட்டிங் சராசரி. கிரிக்கெட்டில் ஓட்டங்களை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். பேஸ்பாலில், அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸைச் சேர்ந்தால் அது 'ஹிட்'. எத்தனை வாய்ப்பில் எத்தனை ஹிட் என்பதே சராசரி. பத்தில் மூன்று என்றால் .300. தொழில்முறை ஆட்டத்தில் அதுவே நல்ல பேட்டர் என்பதற்கான அடையாளம்.

ஒரு சிறுமி திங்களன்று 2 வாய்ப்பில் 1 ஹிட் அடிக்கிறாள். செவ்வாயன்று 3 வாய்ப்பில் 1. இரண்டு நாளும் சேர்த்து? 5 வாய்ப்பில் 2. அவளே ஓடியவள், சந்தேகமே இல்லை. ஆனால் இதை 1/2 + 1/3 = 2/5 என்று பலகையில் எழுதினால் அது பின்னக் கூட்டலில் ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கும் அதே தவறு. சரியான விடை 5/6. மைதானத்தில் சரியாக இருப்பது பலகையில் எப்படித் தவறாகிறது?

இந்தக் கேள்வியை மூடி மறைக்காமல் பிள்ளைகள் முன் வைப்பதுதான் இந்த முறையின் ஆகச் சிறந்த தருணம் என்று நினைக்கிறேன். திங்களுக்கு இரண்டு வட்டம், அதில் ஒன்றைக் கறுப்பாக்கு. செவ்வாய்க்கு மூன்று வட்டம், அதில் ஒன்றைக் கறுப்பாக்கு. எல்லாவற்றையும் ஒரே வரிசையாக வை. ஐந்து வட்டம், இரண்டு கறுப்பு. இங்கே 'முழுமை' மாறிக்கொண்டே வருகிறது: முதலில் இரண்டு வட்டம், பிறகு மூன்று, கடைசியில் ஐந்து. பின்னக் கூட்டலிலோ ஒரே கோட்டில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் அடுத்தடுத்து அளந்து வைக்கிறோம், முழுமை மாறுவதில்லை. 'எதில் பாதி, எதில் மூன்றில் ஒன்று' என்று கேட்கப் பழகிய பிள்ளை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

இதே புள்ளி பெரியவர்களையும் திகைக்க வைக்கும். இரண்டு அமெரிக்கத் தொழில்முறை வீரர்களை எடுத்துக்கொள்வோம். 1995-இல் டெரெக் ஜீட்டர் 48 வாய்ப்பில் 12 ஹிட், .250. டேவிட் ஜஸ்டிஸ் 411-இல் 104, .253. அடுத்த ஆண்டு ஜீட்டர் 582-இல் 183, .314. ஜஸ்டிஸ் 140-இல் 45, .321. இரண்டு ஆண்டிலும் ஜஸ்டிஸ்தான் மேல். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஜீட்டர் 630-இல் 195, .310. ஜஸ்டிஸ் 551-இல் 149, .270. புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். ஜீட்டரின் சிறந்த ஆண்டில் வாய்ப்புகள் மிக அதிகம், ஜஸ்டிஸுக்கோ சுமாரான ஆண்டில்தான் அதிகம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெயரைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. கால்குலேட்டரை வைத்துத் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

தசமத்தை முழுதாக்குவதற்கு 1941-ஐ விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் அந்த ஆண்டு ஆட்டப் பருவத்தின் கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று காலையில் 448 வாய்ப்பில் 179 ஹிட் வைத்திருந்தார். வகுத்தால் 0.39955. மூன்று இலக்கத்துக்கு முழுதாக்கினால் .400, பேட்டர்கள் கனவு காணும் எண். அன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அது அப்படியே பதிவாகியிருக்கும். பிள்ளைகளிடம் இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். முதல் வாய்ப்பில் அவுட் ஆனால் என்ன ஆகும்? 179-ஐ 449-ஆல் வகுத்தால் 0.3987, அதாவது .399. ஒரே ஒரு அவுட்டில் எண் நழுவிவிடும். வில்லியம்ஸ் அன்று பிலடெல்பியாவில் நடந்த இரண்டு ஆட்டத்திலும் ஆடினார். முதலாவதில் 5-க்கு 4, அடுத்ததில் 3-க்கு 2. மொத்தம் 456-இல் 185, .406. முழுதாக்கல் என்பது பாடநூல் சடங்கு அல்ல, ஒரு மனிதரின் முடிவு அதில் தொங்கியது என்று தெரிந்த பிறகு, நான்காவது இலக்கத்தைப் பார்க்கப் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஆசிரியர்கள் ஒரு கண்ணியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்சர் (பந்து வீசுபவர்) எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்பதை 6.2 என்று எழுதுவார்கள். அது தசமம் இல்லை. ஆறு முழு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது ஆறும் மூன்றில் இரண்டும். அதனால் 6.2-உடன் 1.2 சேர்ந்தால் 7.4 வராது, 8.1 வரும். இல்லை, 7.4 தான் என்று அடித்துச் சொல்லும் பிள்ளை தசமப் பாடத்தில் சரி, அவுட்டுகளை எண்ணுவதில்தான் தவறு. மூன்று சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறுகிறது என்று புரிந்துவிட்டால், பத்து சேர்ந்தால் ஏன் ஏறுகிறது என்பதும் கூடவே புரியும்.

அறிவியல் வகுப்புக்கு மரப் பேட் ஒன்று போதும். கைப்பிடியின் முனையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அகன்ற நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறு ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். விரல்களில் அதிர்வு விண்ணென்று ஏறும். நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரை ஒட்டி வரும்போது மட்டும் அடங்கிவிடும். பேட் வளைந்து அதிரும்போது அசையாமல் நிற்கும் புள்ளி அது. அங்கே பட்ட பந்துக்குக் கை எரியாது, அதிர்வில் வீணாகும் ஆற்றலும் குறைவு.

வரலாற்றுப் பாடத்துக்குப் பெரும்பாலும் ஜாக்கி ராபின்சனைச் சொல்வார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி, அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத நிறத் தடையை உடைத்தவர். சொல்ல வேண்டியதுதான். ஆனால் பின்னம் கற்ற வகுப்பிடம் ஜோஷ் கிப்சனையும் சொல்லலாம். கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக்குகளில் ஆடிய அவர், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு இறந்துபோனார். அந்த லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி உண்டு என்று 2020-இல்தான் ஏற்கப்பட்டது. 2024-இல் அவற்றின் எண்கள் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்ந்தபோது, வாழ்நாள் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்ற வீரரின் .367-ஐத் தாண்டி கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. அவர் அடித்த ஹிட்டுகள் எப்போதோ அடித்தவை. எந்த ஆட்டங்கள் கணக்கில் சேரும் என்பதுதான் மாறியது. ஸ்கோர் விவரம் கிடைக்காத நீக்ரோ லீக் ஆட்டங்கள் இன்னும் உண்டு. பழைய செய்தித்தாள்களிலிருந்து அவை கிடைக்கக் கிடைக்க, மேலெண்ணும் கீழெண்ணும் கூடும், அந்த .372-உம் மாறலாம்.