முதல் மாதக் கணக்கைக் காட்டுங்கள்

நான் நிதி ஆலோசகர். ஊக வணிகத்தில் பணத்தை விட்டவர்கள் என்னிடம் வந்தால் கடைசி நட்டத்தைத்தான் காட்டுவார்கள். நான் முதல் மாதக் கணக்கைக் கேட்பேன். பெரும்பாலும் அதில் லாபம் இருக்கும். வினையே அதுதான்.

அண்மையில் வந்த ஒருவர், போட்ட பணத்தை மூன்றே வாரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார். சந்தை முழுக்க ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவருக்கும் லாபம்தான். அவரோ தனக்கு வித்தை பிடிபட்டுவிட்டதாக நினைத்துச் சேமிப்பு மொத்தத்தையும் இறக்கினார். அதுவும் போதாமல் மார்ஜினில், அதாவது தரகு நிறுவனத்தின் கடனில், பத்து மடங்குக்கு வாங்கினார். கைக்காசு ஒரு பங்கு, கடன் ஒன்பது பங்கு. இந்த நிலையில் விலை 10 சதவீதம் இறங்கினாலே போட்ட முதல் காலி. அதற்கு முன்பே தரகு நிறுவனம் விற்றுக் கணக்கை முடித்துவிடும். அவருக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு வாரம் கழித்து விலை அவர் கணித்தபடியே ஏறியதுதான் கொடுமை.

அப்புறம் தொடங்கியது, விட்டதைப் பிடிக்கும் படலம். பாதியை இழந்தவர் பழைய நிலைக்கு வர 100 சதவீத லாபம் வேண்டும். 90 சதவீதத்தை இழந்தவருக்கு 900 வேண்டும். நிதானமான எந்த முதலீடும் அதைத் தராது. அதனால் கடன் வாங்கி, சிறு தொகையில் பெரிய பந்தயம் கட்டும் ஆப்ஷன் வர்த்தகத்துக்குப் போனார்.

அறிவாளிகளுக்கு இது நடக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு நியூட்டன் நினைவுக்கு வருவார். 1720இல் தென்கடல் நிறுவனப் பங்குகளை நல்ல லாபத்தில் விற்று வெளியே வந்தவர், விலை மேலும் ஏறுவதைப் பார்த்துப் பொறுக்காமல் திரும்ப வாங்கிப் பெரும் பணத்தை இழந்தார்.

நிக் லீசன் கதை இன்னும் மோசம். பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கிக்காகச் சிங்கப்பூர் கிளையில் வர்த்தகம் செய்தவர், நட்டங்களையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானியச் சந்தை சரிந்தபோது, மீண்டுவிடும் என்று இன்னும் வாங்கிக் குவித்தார். நட்டம் 82.7 கோடி பவுண்டு. 1762இல் தொடங்கிய வங்கி ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

அப்படி ஒரு 88888ஐ ஒளித்து வைக்காத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. வந்தவரிடமும் கேட்டேன், "இந்தக் கடனெல்லாம் வீட்டுக்குத் தெரியுமா?" தெரியாது. வர்த்தகக் கணக்கை மூடிவிட்டு மனைவியோடு வரச் சொன்னேன். அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது.