இரண்டு கூரைகளும் ஒரு நெடுங்குளிர்காலமும்: மோல்டன் கொட்டகைகள் இயங்கிய விதம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடருக்குக் கிழக்கே விரியும் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில், மோல்டன் குடும்பத்தார் கட்டிய இரண்டு மரக் கொட்டகைகள் இன்றும் நிற்கின்றன. தாமஸ் ஆல்மா மோல்டன் எழுப்பிய கொட்டகையின் நடுப்பகுதி செங்குத்தான இருசரிவுக் கூரை கொண்டது. அவருடைய சகோதரர் ஜான் மோல்டனின் கொட்டகைக் கூரையோ இருபுறமும் பாதி வழியில் மடிந்து, மேலே மெதுவாகவும் கீழே செங்குத்தாகவும் இறங்குகிறது. பனிமலைகளைப் பின்னணியாக வைத்து இவற்றைப் படமெடுக்க உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். இந்த வடிவங்கள் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன என்பதைப் புரிந்துகொண்டால், அந்தப் படங்களில் தெரிவதை விடக் கூடுதலாக நமக்குத் தெரியும்.

1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்தாண்டுகள் தங்கி, வீடு கட்டிப் பயிர் செய்பவருக்கு அந்த நிலத்தை உரிமையாக்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் அரசு அப்படி வழங்கிய நிலம் ஆளில்லாத நிலமன்று. ஷோஷோனி உள்ளிட்ட பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கோடைக்காலத்தில் வேட்டையாடியும் கிழங்கும் கனியும் சேகரித்தும் வாழ்ந்த பகுதி அது. 1890-களில் அண்டை மாநிலமான இடாஹோவிலிருந்து, மோர்மன் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் இங்கு வரத் தொடங்கினர். மேற்கில் பெரும்பாலான குடியேறிகள் ஒருவருக்கொருவர் வெகுதொலைவில் வாழ்ந்தபோது, இவர்கள் ஒரே சாலையை ஒட்டி வரிசையாகப் பண்ணைகளை அமைத்துக்கொண்டனர். அதனால்தான் மோல்டன் கொட்டகைகள் நிற்கும் அந்த இடத்துக்கு மோர்மன் ரோ, அதாவது மோர்மன் வரிசை, என்ற பெயர் நிலைத்தது. அருகருகே வாழ்ந்ததால் உழைப்பைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. 1896 முதல் 1937 வரை அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் சிலவற்றில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள இப்பள்ளத்தாக்கில் உறைபனி இல்லாத நாட்கள் மிகக் குறைவு. ஆகவே, குறுகிய கோடையில் வளரும் புல்லை வெட்டி உலர்த்தி, நீண்ட குளிர்காலம் முழுவதற்கும் சேமிப்பதே பண்ணையின் தலையாய வேலை. 500 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 கிலோ உலர்புல் தின்னும் என்று கொண்டால், ஆறு மாதங்களுக்கு அதற்கு மட்டுமே 2 டன் தேவை. கட்டு கட்டாமல் உதிரியாகக் குவித்த உலர்புல்லின் எடை ஒரு கனமீட்டருக்குச் சுமார் 65 கிலோதான். எனவே ஒரு மாட்டின் குளிர்காலத் தீவனம் 30 கனமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கறவை மாடுகள், குதிரைகள் என்று ஐந்தாறு விலங்குகளைக் கூரைக்கடியில் வைத்துக் காப்பவருக்கு, அவை நிற்கும் இடத்தைக் காட்டிலும் தீவனத்துக்கான இடமே பெரும் கவலை. ஆகவே கீழ்த்தளத்தில் விலங்குகள், மேலே பரணில் புல் என்ற அமைப்பு அமெரிக்கப் பண்ணைகளில் பரவலாயிற்று.

மடிப்புக் கூரையின் சிறப்பை ஒரு கணக்கே விளக்கிவிடும். அகலம் 12 மீட்டர், முகட்டின் உயரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இருசரிவுக் கூரையின் குறுக்குவெட்டுப் பரப்பு 36 சதுரமீட்டர். அதே அகலத்திலும் உயரத்திலும், கூரையின் முனைகளும் மடிப்புகளும் ஓர் அரைவட்டத்தைத் தொடும்படி அமைத்தால், பரப்பு ஏறத்தாழ 51 சதுரமீட்டராகிவிடும். அதாவது சுவரை ஓர் அடிகூட உயர்த்தாமல் பரணின் கொள்ளளவு 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நேரான கூரையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டரை மீட்டர் நீளமுள்ள கைமரம், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரம், வேண்டும். மடிப்புக் கூரையில் பக்கத்துக்கு 4.6 மீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகள் போதும். கையால் மரம் அறுத்துத் தூக்கி நிறுத்தும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

ஆனால் மடிப்பு என்பது பலவீனமான இணைப்பும்கூட. மேலிருந்து பனியின் பாரம் அழுத்தும்போது ஒவ்வொரு மடிப்பும் வெளிநோக்கிப் பிதுங்கப் பார்க்கும். கைமரங்களின் அடிமுனைகள் சுவர்களை வெளியே தள்ளும். அடிமுனைகளைப் பரணின் தளத்தைத் தாங்கும் குறுக்கு உத்திரங்களே பிணைத்துப் பிடிக்கின்றன. மடிப்புகளுக்குத் தனியே சாய்வுத் தாங்கிகள் தேவைப்படுகின்றன. செங்குத்தான இருசரிவுக் கூரையில் இந்தத் தொல்லை குறைவு, பனியும் எளிதாக வழுக்கி விழும். சகோதரர்களின் கூரைகளில் ஒன்று சரி, மற்றது தவறு என்று சொல்வதற்கில்லை: ஒன்று இடத்தைக் கூட்டியது, மற்றொன்று பாரத்தைக் குறைத்தது.

புல்லைப் பரணுக்கு ஏற்றுவதும் ஒரு காலத்தில் முதுகொடிக்கும் வேலையாக இருந்தது. 1867-இல் அயோவா மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் லௌடன், கூரை முகட்டின் அடியில் ஓடும் ஏற்றிக்குக் காப்புரிமை பெற்றார். கயிறும் கப்பியும் பூட்டிய குதிரை கொட்டகைக்கு வெளியே நடக்க, பெரிய முட்கரண்டி ஒரு பாரப் புல்லைக் கவ்வி முகடு வரை தூக்கி, உள்ளே தேவையான இடத்தில் போடும். பரணின் நடுவே தூண்கள் இல்லாதிருப்பது இதனால் கூடுதல் முக்கியத்துவம் பெற்றது.

இத்தனை பாடுபட்டு ஏற்றிய புல்லே கொட்டகையை எரித்துவிடவும் கூடும் என்பதுதான் இக்கதையில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. புதிதாக வெட்டிய புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அது 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குமுன் குவித்துவிட்டால், இன்னும் உயிரோடிருக்கும் புல்லின் செல்கள் சுவாசிப்பதாலும், நுண்ணுயிர்கள் அதில் பெருகுவதாலும் வெப்பம் உண்டாகிறது. உலர்புல் நல்ல வெப்பக் காப்பான். நடுவிலுள்ள சூடு வெளியேற வழியில்லை. வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பெரும்பாலான நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. ஆனாலும் அதற்குள் புல்லில் நேரடியான வேதி ஆக்சிஜனேற்றம் தொடங்கியிருந்தால் சூடு மேலும் ஏறி, குவித்த இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் தானாகவே தீப்பிடிக்கலாம். அதனால்தான் அனுபவமுள்ள பண்ணையார் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் ஆழமாகச் செருகி, சற்று நேரம் கழித்து உருவி, கையால் பிடித்துப் பார்ப்பார். கம்பியைப் பிடிக்க முடியாத அளவு சூடு இருந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

நன்கு உலர்ந்த புல்லோ தலைகீழாகக் கொட்டகைக்கு உதவி செய்கிறது. புல்லின் இடுக்குகளில் சிக்கிய காற்று, கீழே நிற்கும் மாடுகளின் உடல்வெப்பம் கூரை வழியாக வெளியேறுவதைத் தடுக்கிறது. ஆனால் மாடுகள் வெப்பத்தோடு நீராவியையும் மூச்சில் விடுகின்றன. காற்றோட்டமில்லாத கொட்டகையில் அந்த ஈரம் குளிர்ந்த பலகைகளில் படிந்து, புல்லையும் மரத்தையும் நனைக்கும். பலகைகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளிகள் அதை வெளியேற்றுகின்றன.

தாமஸ் மோல்டனின் கொட்டகை ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. ஏறத்தாழ 1912 முதல் 1945 வரை அவரும் அவருடைய மகன்களும் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டினார்கள்; நடுவே உயர்ந்த பகுதி, இருபுறமும் சரிவு குறைந்த சாய்ப்புகள் என்ற இன்றைய உருவம் அப்படி வந்ததே. அவருடைய குடியிருப்பில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். மோர்மன் ரோ 1997-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இப்போது அக்கட்டடங்களின் முதல் எதிரி, மண்ணைத் தொடும் அடிமரங்களில் ஏறும் ஈரம். மரத்தை அரிக்கும் பூஞ்சைகளும் நீரளவு 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் வளர முடியும் என்பதால், பனி உருகும் நீரைச் சுவரின் அடியிலிருந்து விலக்கிவிடுவதும் அழுகிய அடிமரத்தைக் காலத்தில் மாற்றுவதுமே இத்தகைய கொட்டகைகளின் பராமரிப்பில் முதன்மையான வேலைகள்.