'கோர்புஸ்'னா வார்டு இல்லைங்க, கட்டடம்

ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சினோட நாவல் ஒண்ணு, இங்கிலீஷ்ல 'கேன்சர் வார்டு'. அதைப் பத்தித் தமிழ்ல எழுதுறவங்க 'புற்றுநோய் வார்டு'ன்னு எழுதுறாங்க, கொஞ்சம் தமிழ்ப்பற்று கூடினவங்க 'புற்றுநோய்ப் பிரிவு'ங்கிறாங்க. ரெண்டுமே தப்பு, கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு.

ரஷ்யத் தலைப்பு 'ராக்கவி கோர்புஸ்'. 'ராக்'னா நண்டு இனத்துல ஒண்ணு, புற்றுநோய்க்கும் அதே சொல்லுதான், கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் இந்த நோய்க்கு நண்டு பேருதானே. நமக்குப் புற்று, தரையில கிளம்புற புத்து மாதிரி உடம்புல கிளம்புறது, நல்ல சொல், அதுல சண்டையே இல்ல. 'கோர்புஸ்' லத்தீன்ல உடம்பு. ரஷ்யன்ல படைப்பிரிவுக்கும் சொல்வாங்க, ஒரே வளாகத்துல தனித்தனியா நிக்கிற கட்டடங்களுக்கும் சொல்வாங்க. ஆஸ்பத்திரின்னு வந்தா கட்டடம்தான்.

வார்டுக்கு அவங்ககிட்ட வேற சொல் இருக்கு, 'பலாத்தா'. 1892ல வந்த செகாவோட 'ஆறாம் எண் வார்டு' கதைத் தலைப்புல இருக்கிறது அதுதான். சோல்செனிட்சினுக்கு அது தெரியாதா என்ன? தெரிஞ்சேதான் கோர்புஸ்னு வச்சிருக்கார். நாவலோட முதல் வரியே இந்தக் கட்டடத்தோட நம்பர் பதிமூணுங்கிறதுதான், இங்கிலீஷ்ல பெத்தெல், பர்க் ரெண்டு பேரும் பண்ணின மொழிபெயர்ப்புலகூட அந்த வரியில 'விங்'னுதான் போட்டிருக்காங்க, தலைப்புல மட்டும் 'வார்டு'. நம்மாளுங்க அட்டையைப் பார்த்து எடுத்தாங்களே தவிர முதல் வரியைப் பார்க்கல.

இது சின்ன விஷயம்னு விட முடியல. 1954ல நாடுகடத்தல்ல இருந்தப்போ தாஷ்கண்ட்ல அவரே கட்டிக்கு சிகிச்சை எடுத்துக்கிட்ட ஆஸ்பத்திரிதான் நாவலோட மூலம், கதை நடக்கிறது 1955ல, ஸ்டாலின் செத்து ரெண்டு வருஷம் ஆகுறப்போ. கைதிகளோட உழைப்பு முகாம்ல இருந்துட்டு இப்போ நாடுகடத்தல்ல இருக்கிற கொஸ்தொகுளோத்தவும், ஆளுங்களைக் காட்டிக்குடுத்தே மேல வந்த அதிகாரி ருசானவும் ஒரே வார்டுல கிடக்காங்க, அது சரி. ஆனா கதை அந்த ஒரு ரூமுக்குள்ள மட்டுமா நடக்குது? மார்பை எடுக்கப்போறாங்கன்னு உடைஞ்சுபோற ஆஸ்யா இருக்கா, எக்ஸ்ரே ரூம் இருக்கு, வருஷக்கணக்கா கதிர்வீச்சு குடுத்துக் குடுத்துக் கடைசியில தனக்கே கட்டி வந்துட்ட டாக்டர் தொந்த்சொவா இருக்காங்க. டாக்டரையும் சேர்த்துப் பிடிக்குது நோய், 'வார்டு'ன்னா அவங்க வெளியாளா ஆயிடறாங்க.

'பிரிவு' இன்னும் மோசம். அது நிர்வாகச் சொல், கணக்குப் பிரிவு, பதிவுப் பிரிவுங்கிற மாதிரி, அதுக்குச் சுவரும் இல்ல படிக்கட்டும் இல்ல. தூய தமிழா இருந்தா மட்டும் போதுமா, பொருள் வரவேண்டாமா? 'தொகுதி'ன்னு ஒரு யோசனையும் கேட்டிருக்கேன், தமிழ்நாட்டுல அதைப் படிச்சா தேர்தல்தான் ஞாபகம் வரும். பேச்சுல 'கேன்சர் பிளாக்'னு சொல்றோமே, அந்த பிளாக்தான் கோர்புஸ். அச்சுல 'புற்றுநோய்க் கட்டடம்'னு வச்சா நேரா வந்துடுது.

ஏன் இப்படி ஆச்சுன்னு பார்த்தா, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துல நம்ம பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா மாதிரி ஆளுங்க அங்கயே இருந்து ரஷ்ய இலக்கியத்தைத் தமிழ்ல குடுத்தாங்க, ஆனா இந்த நாவல் சோவியத்துல தடை, 1968ல வெளிநாட்டுலதான் வந்துச்சு, சொந்த நாட்டுல பத்திரிகையில வர 1990 ஆயிடுச்சு. அதனால அந்த வழி இதுக்கு அடைபட்டுப்போய் இங்கிலீஷ் வழியா பேர் வந்து சேர்ந்துச்சு. அன்னிக்கு அது வேற வழியில்லாம நடந்தது. இன்னிக்கு மூலம் இணையத்துலயே கிடைக்குது, ரஷ்யன் தெரியாட்டிகூட தலைப்புல இருக்கிற ரெண்டே சொல்லை அகராதியில பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூடப் பார்க்காம 'உலக இலக்கியம்'னு முன்னுரை எழுதுறவங்க மேலதான் எனக்குக் கோபம்.