மொபைலில் படம் வரவில்லையா? கேமராவைக் கழற்றாதீர்கள்

“நாலு கேமராவும் போயிடுச்சு தம்பி, புதுசா மாத்திக் கொடுத்துடுங்க” என்று சென்ற வாரம் ஒரு பெரியவர் அழைத்தார். போய்ப் பார்த்தால், கூடத்து டிவியில் நான்கு படங்களும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் மகனின் மொபைலில் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று வந்திருக்கிறது. இந்த மாதத்தில் இப்படி அழைத்த ஆறாவது வீடு இது.

வீட்டு டிவியில் படம் தெரிந்தால் கேமராவும், அதன் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரும் நலம். பழுது இணையத்தின் பக்கம்தான். பத்து நாள் முன்பு அந்த வீட்டில் புதிய ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தார்கள். பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1, அதற்கேற்ப டிவிஆரில் 192.168.1.108 என்று நிலையாகப் பதிந்திருந்தது. புதிய ரவுட்டரோ 192.168.29.1. அதன் கணக்கில் அந்த டிவிஆர் வேறு தெருவில் இருக்கிறது. டிவிஆரின் நெட்வொர்க் பகுதியில், ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானாகப் பெற்றுக்கொள்ளும் டிஎச்சிபியை இயக்கியதும் இரண்டு நிமிடத்தில் ‘ஆன்லைன்’ வந்துவிட்டது.

என்னைப் பதறவைத்தது வேறு. இடையில் யாரோ ஒருவர் வீடியோ பார்த்து, வெளியிலிருந்து வருவதையெல்லாம் டிவிஆருக்கே திருப்பிவிடும் டிஎம்இசட்டை ரவுட்டரில் இயக்கி, மறக்காமல் இருக்கட்டும் என்று டிவிஆரின் கடவுச்சொல்லையும் 123456 என்று மாற்றி வைத்திருந்தார்.

ரவுட்டரில் போர்ட் எனப்படும் வாசலைத் திறந்தால்தான் வெளியூரில் படம் தெரியும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்று பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்களுக்கு மேலே நிறுவனத்தின் வாசல் ஒன்று இருக்கிறது. உங்கள் வாசலை எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. பொது முகவரி உங்களுக்கே கிடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் திறந்த போர்ட்டைத் தேடி இணையம் முழுவதும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லோடே விடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு, தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டின் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே தடுமாறின. மொபைல் செயலியில் படம் பார்க்க உதவும் பி2பி முறையில் டிவிஆர் தானாக வெளியே சென்று தயாரிப்பாளரின் சர்வரில் பதிந்துகொள்கிறது. அதற்கு வெளியே செல்லும் வழியான கேட்வேயும், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் டிவிஆரில் சரியாக இருந்தால் போதும். திறந்த வாசல் எதுவும் தேவையில்லை.

ஆகவே டிஎம்இசட், போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பி இரண்டையும் அணைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை நீளமாக வைத்து, டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். உறவினருக்குக் காட்ட வேண்டுமானால் செயலியிலேயே பகிரும் வசதி இருக்கிறது. அட்மின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். படம் திக்கித் திக்கி வந்தால் தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள், ஏனெனில் முழுத் தெளிவுள்ள மெயின் ஸ்ட்ரீமில் ஒவ்வொரு 2 மெகாபிக்சல் கேமராவும் 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை அப்லோடை இழுக்கும். டிவிஆருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு ரவுட்டரை விட்டுவிட்டால், மின்தடையின்போது பதிவு ஓடும். மொபைலில் ஒன்றும் தெரியாது.

என் தொழில் செய்வோர் சிலர் அவசரத்தில் டிவிஆரைத் தம் சொந்த மொபைல் எண்ணில் பதிந்துவிடுகிறார்கள். பின்னாளில் நீங்கள் சேர்க்க முயலும்போது ‘வேறு கணக்கில் உள்ளது’ என்று வரும். உங்கள் வீட்டுக் கூடமும் அதுவரை அவர் மொபைலில் இருக்கும். உங்கள் எண்ணிலேயே பதியச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர் கிளம்பும் முன் மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவில் படம் வருகிறதா என்று அவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.